குதிரைத் திறனும் குடும்பத் திறனும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல்)

வேகம்! மூன்றே எழுத்துகள். இருபது வயது இளைஞனின் உள்ளத்தை ஆட்டிப் படைக்க இந்த மூன்றெழுத்து போதும். நம் கல்லூரியின் வண்டி நிறுத்துமிடத்தில் ஒரு புதிய மோட்டார் சைக்கிள் வந்து நின்றால் அதைச் சுற்றி எவ்வளவு கூட்டம் கூடுகிறது! அந்தக் கூட்டத்தில் பாதி கருத்தரங்க அறைக்கு வந்தால் நம் துறைத் தலைவர்கள் மகிழ்ச்சியில் திளைப்பார்கள். பேராசிரியர்கள் இதைக் கண்டு வருந்துகிறார்கள். நண்பர்களோ, "இந்த வயதில் ஓட்டாமல் எந்த வயதில் ஓட்டுவது?" என்று கேட்கிறார்கள். வருத்தத்திலும் நியாயம் உண்டு. கேள்வியிலும் நியாயம் உண்டு. இரண்டையும் எடை போட்டுப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பேச எடுத்துக்கொண்டது சாதாரண வண்டியைப் பற்றி அன்று. 'நேக்கட்' என்று இன்றைய இளைஞர் அழைக்கும் வகை அது. காற்றைக் கிழிக்கும் முன்மூடியோ, பக்கத் தகடுகளோ இல்லாமல், இயந்திரமும் சட்டமும் எல்லோர் கண்ணுக்கும் தெரியும்படி நிற்கும் ஆற்றல் மிக்க வண்டி. அப்படி ஒன்றை வாங்கலாமா, வேண்டாமா என்ற கேள்வி சென்ற ஆண்டு என் வீட்டுக்குள்ளும் நுழைந்தது.

ஊரின் பெருமை

நான் பிறந்து வளர்ந்த மத்திகிரிக்கும் குதிரைக்கும் பழைய உறவு உண்டு. 1824-ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட இங்குள்ள பண்ணை, ஆங்கிலேயர் ஆட்சியில் படைக்குக் குதிரை வளர்த்த இடம். பிற்காலத்தில் அது மாடும் ஆடும் வளர்க்கும் அரசுக் கால்நடைப் பண்ணையாயிற்று. படைக் குதிரைகள் போயின, குதிரைத் திறன் வந்தது! 1980-ஆம் ஆண்டில் ஓசூர் ஆலையிலிருந்து டி.வி.எஸ். 50 என்ற மொபெட் வெளிவந்தது. இருவர் அமர்ந்து செல்லக்கூடிய அந்தச் சிறு வண்டி, பால்காரர் முதல் பள்ளி ஆசிரியர் வரை எத்தனையோ குடும்பங்களுக்குக் கால்களாக அமைந்தது.

அதே நிறுவனம் 2013-இல் ஜெர்மனியின் பி.எம்.டபிள்யூ. நிறுவனத்தோடு உடன்பாடு செய்துகொண்டது. அதன் பயனாக உருவான 310 வரிசை வண்டிகள் நம் ஓசூரிலேயே செய்யப்பட்டு வெளிநாடுகளுக்குக் கப்பலேறின. 2021 அக்டோபரில் அவ்வரிசையில் செய்யப்பட்ட பி.எம்.டபிள்யூ. வண்டிகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தொட்டது. அதே இயந்திரக் குடும்பத்தில் பிறந்த நேக்கட் வண்டிதான் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 310. 2023 செப்டம்பரில் அறிமுகமானபோது அதன் விலை, சாலை வரி, காப்பீடு போன்ற பிற செலவுகள் நீங்கலாக, 2.43 லட்சம் ரூபாயில் தொடங்கியது.

இயற்பியல் மாணவனாக அந்த இயந்திரத்தை நான் வியக்கிறேன். 312 சி.சி. கொள்ளளவு கொண்ட ஒற்றை உருளை. நிமிடத்திற்கு 9,700 சுற்றில் 35.6 குதிரைத் திறன். வழக்கமான வண்டிகளில் காற்று பின்புறம் நுழைந்து புகை முன்புறம் வெளியேறும். இதிலோ உருளையைப் பின்பக்கம் சாய்த்து, காற்று முன்புறம் நுழைந்து புகை பின்புறம் வெளியேறுமாறு திருப்பி வைத்திருக்கிறார்கள். இத்தகைய ஒன்று நம் ஊர்த் தொழிலாளர் கைகளால் உருவாகிறது என்று எண்ணும்போது நெஞ்சு நிமிராமல் என்ன செய்யும்?

பன்னிரண்டு நிமிடம்

ஆலை ஒன்றில் வேலை பார்க்கும் என் அத்தை மகன்தான் என்னை விற்பனையகத்திற்கு அழைத்துப் போனார். ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி, தலைக்கவசம் அணிந்து, வண்டியில் ஏறினேன். பின்னால் அமர்ந்த ஊழியர், "கிளட்ச்சை மெதுவா விடுங்க தம்பி, இது வேற மாதிரி" என்றார். உண்மையிலேயே வேறு மாதிரிதான்! என் தந்தையின் எக்ஸ்.எல். மொபெட்டில் பழகிய கைக்கு, அந்த வண்டி காத்திருந்து பாய்வது போல் இருந்தது. இரண்டாவது கியரில் சற்றே முறுக்கினேன். சாலையோரப் புளியமரங்கள் பின்னோக்கி ஓடின. முன்மூடி இல்லாததால் காற்று நேரே மார்பில் வந்து மோதியது. பிரேக்கைத் தொட்டேன், சொன்ன இடத்தில் நின்றது. பன்னிரண்டு நிமிடம் கழித்து இறங்கியபோது, "எப்படிடா இருக்கு?" என்றார் அத்தை மகன். "இறங்க மனசே வரலை மாமா" என்றேன். இன்றும் கேட்டால் அதையேதான் சொல்வேன். அந்த இன்பம் பொய்யன்று.

ஆயினும் ஒன்றை நண்பர்கள் கவனிக்க வேண்டும். பன்னிரண்டு நிமிடம் ஓட்டிப் பார்த்துவிட்டு முப்பத்தாறு மாதக் கடனுக்குக் கையெழுத்திடுகிறோம். வண்டியைச் சோதிக்கிறோம், வாங்குபவனைச் சோதிப்பதில்லை. வண்டி தேர்வில் வெற்றி பெற்றுவிடுகிறது. தேர்வு எழுதாமலே நாமும் வெற்றி பெற்றதாக எண்ணிக்கொள்கிறோம்.

இயற்பியல் சொல்வது

வேகமாகச் செல்லும் வண்டியின் திறனில் பெரும்பகுதியைக் காற்றின் தடை விழுங்குகிறது. அத்தடையை வெல்லத் தேவையான திறன், வேகத்தின் மூன்றாம் படிக்கு நேர்விகிதத்தில் அமையும். வேகம் இரு மடங்கானால் திறன் எட்டு மடங்கு தேவை. மணிக்கு ஏறத்தாழ 150 கிலோமீட்டர் எட்டும் இந்த வண்டிக்கு அந்த வேகத்தில் 35 குதிரைகளும் வேண்டும். 80-இல்? கணக்கிட்டால் ஆறேழு குதிரைகள். 60-இல்? மூன்று குதிரைகள் போதும்! நம்ப முடியவில்லையா? 100 சி.சி. எக்ஸ்.எல். மொபெட்டின் மொத்தத் திறனே 4.4 குதிரைதான். அது தந்தையையும் இரண்டு மூட்டைகளையும் சுமந்துகொண்டு ஓடுவதை நாம் நாள்தோறும் காண்கிறோம்.

நம் சாலைகளில் எவ்வளவு வேகம் செல்லலாம்? 2018-இல் மத்திய அரசு அறிவித்த உச்ச வரம்பின்படி, மோட்டார் சைக்கிளுக்கு நான்கு வழிச் சாலையில் 80. நகரச் சாலையில் 60. கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையிலேயே இந்த வரம்பு என்றால், டிப்பர் லாரியும் மாட்டு வண்டியும் சில இரவுகளில் யானைக் கூட்டமும் குறுக்கிடும் தேன்கனிக்கோட்டைச் சாலையைப் பற்றிக் கூறவும் வேண்டுமோ? முப்பத்தைந்து குதிரைகளுக்குத் தீனி போட்டு, மூன்றை மட்டும் ஏரில் பூட்டும் உழவனை யாராவது கெட்டிக்காரன் என்பார்களா?

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். திறன் மிகுந்த வண்டி என்றாலே ஆபத்து என்று சிலர் சொல்வது முழு உண்மையன்று. இரு சக்கரங்களிலும் வட்டு பிரேக், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏ.பி.எஸ். ஆகியவை இந்த வண்டியில் உண்டு. டிரம் பிரேக் உள்ள விலை குறைந்த வண்டியை விட இது நன்றாகவே நிற்கும். மழைக்கும் நகருக்கும் என்று வகுத்த ஓட்ட முறையில் இயந்திரம் தன் திறனை 27 குதிரை அளவுக்குத் தானே குறைத்துக்கொள்கிறது. வண்டிக்கு இருக்கும் அந்த அடக்கம் ஓட்டுபவனுக்கும் வேண்டும் என்பதே கேள்வி.

எவ்வளவு நல்ல பிரேக்கானாலும் இயக்க ஆற்றலின் விதியை மாற்ற அதனால் முடியாது. ஆபத்தைக் கண்டு பிரேக்கை அழுத்த ஒரு வினாடி ஆகும் என்று கொள்வோம். நன்கு பிரேக் பிடித்தாலும், 60-இல் செல்லும் வண்டி நிற்க ஏறத்தாழ 37 மீட்டர் வேண்டும்; 120-இல் 113 மீட்டர். வேகம் இரு மடங்கு. தூரமோ மூன்று மடங்கு! இந்தக் கணக்கைப் படிக்காத விலை என்ன? 2022-ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களில் 74,897 பேர் இரு சக்கர வண்டிகளில் சென்றவர்கள். தலைக்கவசம் அணியாததால் இறந்தோர் மட்டும் ஐம்பதாயிரத்துக்கும் மேல். அந்த ஆண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் நம் தமிழ்நாட்டிற்கு. இந்த முதலிடம் நமக்கு வேண்டுமா?

வீட்டுக் கணக்கு

இனிப் பணத்திற்கு வருவோம். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சி.சி. வரையுள்ள வண்டிகளுக்கு ஜி.எஸ்.டி. வரி 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைக்கப்பட்டது. "இதுதான் சமயம்" என்றார்கள் நண்பர்கள். சரி, இரண்டரை லட்சம் ரூபாய் கடன், ஆண்டுக்கு 12 விழுக்காடு வட்டி, மூன்று ஆண்டுத் தவணை என்று வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 8,300 ரூபாய். முடிவில் கட்டிய தொகை 2,98,800. ஏறக்குறைய 49,000 ரூபாய் வட்டிக்கே போகிறது. பெட்ரோல், சங்கிலி, டயர், சர்வீஸ் எல்லாம் தனி.

என் தந்தை ரோஜாவும் கீரையும் ஓசூர்ச் சந்தைக்கு எடுத்துச் சென்று விற்பவர். எங்கள் பரம்பரையில் கல்லூரி வாயிலை மிதித்த முதல் ஆள் நான். எனக்குத் 'தமிழ்ப் புதல்வன்' திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. சனி, ஞாயிறுகளில் ஒரு சிறு பட்டறையில் பொட்டலம் கட்டும் வேலை செய்து நான்காயிரம் வரை ஈட்டுகிறேன். கடன் பற்றிச் சொன்னபோது தந்தை கோபிக்கவில்லை. "கையெழுத்து வேணும்னா போடறேன் சாமி. கணக்குப் படிச்சவன் நீ; நீயே போட்டுப் பாத்துச் சொல்லு" என்றார். ஓங்கி ஒரு "வேண்டாம்" சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசியிருப்பேன். பொறுப்பை என் கையில் கொடுத்தால் என்ன செய்வது?

ஆகவே வண்டியை ஓட்டிப் பார்த்தது போலத் தவணையையும் ஓட்டிப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வண்டி வாங்கிவிட்டதாகவே பாவித்து, மூன்று மாதம், மாதம் 8,300 ரூபாயை அஞ்சலகக் கணக்கில் போட வேண்டும். இதுதான் சோதனை.

முதல் மாதம் கைச் செலவை எல்லாம் சுருக்கியும் 4,800-தான் சேர்ந்தது. இரண்டாம் மாதம் பட்டறையில் இரவு வேலையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். 8,300 முழுதாகச் சேர்ந்தது. ஆனால் அந்த மாதம் இரண்டு ஆய்வக வகுப்புகள் தவறின. ஒளியியல் வகுப்பில் ஆசிரியர் முப்பட்டகத்தை விளக்கிக்கொண்டிருக்க, என் கண்கள் தாமாக மூடின. மூன்றாம் மாதம் அம்மாவுக்குக் காய்ச்சல். மருத்துவத்திற்கும் தங்கையின் பிளஸ் டூ புத்தகங்களுக்கும் போக மிஞ்சியது 2,000. ஆக, 24,900 சேர வேண்டிய இடத்தில் 15,100. உண்மைக் கடனாக இருந்திருந்தால் மூன்றில் இரண்டு மாதம் தவணை தவறியிருக்கும். தவறாத அந்த ஒரு மாதத்தில் தவறியது படிப்பு.

நண்பர்களே, இந்தச் சோதனையில்தான் எனக்கு உண்மை புலப்பட்டது. விலை உயர்ந்த வண்டியின் முதல் ஆபத்து நெடுஞ்சாலையில் இல்லை. வருகைப் பதிவேட்டில் இருக்கிறது! முதலில் வண்டி வரும். வண்டிக்காகத் தவணை வரும். தவணைக்காக ஒப்பந்த வேலை வரும். வேலைக்காக வகுப்பு போகும். 75 விழுக்காடு வருகை போகும். பிறகு பட்டமும் போகும். என்னோடு பள்ளியில் படித்த ஒருவன் இந்தப் படிகளில் ஒவ்வொன்றாக இறங்கியதைக் கண்ணால் கண்டேன். கணக்கில் என்னை விடக் கெட்டிக்காரன் அவன். இன்று வண்டி அவனிடம் இல்லை, படிப்பும் இல்லை. ஒப்பந்த வேலை மட்டும் ஆறு மாதத்திற்கு ஒரு முறை புதுப்பிக்கப்படுகிறது.

நமக்கு எதற்கு என்பவர்களுக்கு

இதுவரை படித்த பெரியோர் சிலர், "அதைத்தான் நாங்களும் சொல்கிறோம். கீரை விற்பவன் மகனுக்கு எதற்கு இந்த ஆசை?" என்று கூறக்கூடும். அவர்களோடு நான் உடன்படவில்லை. வன்மையாகவே மறுக்கிறேன்.

தமிழகத்தில் சில தெருக்களில் செருப்பணிந்து நடக்கவும், சைக்கிளில் ஏறிப் போகவும் தடுக்கப்பட்ட மக்கள் இருந்தார்கள். என் தாத்தா, குறிப்பிட்ட ஒரு தெரு வந்ததும் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தவர். தெரு முடிந்த பிறகே மறுபடி ஏறுவாராம். அவருடைய பேரன் முப்பத்தைந்து குதிரை மேல் அமர ஆசைப்படுவது ஆடம்பரம் என்று எப்படிச் சொல்ல முடியும்? செய்கிற கைகள் எங்களுடையவை என்றால், ஏறுகிற கால்களும் எங்களுடையவையாக இருப்பதில் என்ன தவறு? ஆசைப்படாதே என்று ஏழைக்கு மட்டும் உபதேசம் செய்வது அறமாகாது.

நான் சொல்வது வேறு. தாத்தா இறங்கி நடந்தது ஊராருக்குப் பயந்து. பேரன் ஏறிச் செல்லும்போது கடன் வசூலிப்பவருக்குப் பயந்து சந்து சந்தாக ஓட்டக் கூடாது. ஒரு கட்டிலிருந்து விடுபட்டு இன்னொரு கட்டுக்குள் போவதற்குப் பெயர் முன்னேற்றமா? செயலின் வலிமையையும் தன் வலிமையையும் எடை போட்டுச் செயல்பட வேண்டும் என்பதற்காகவே வள்ளுவர் 'வலியறிதல்' என்று தனியோர் அதிகாரம் வகுத்தார். அவர் நம்மை நிற்கச் சொல்லவில்லை. எடை போட்டுவிட்டுப் புறப்படச் சொன்னார்.

நண்பர்களின் கேள்விக்கும் விடை சொல்ல வேண்டும். "இருபதில் ஓட்டாத வண்டியை நாற்பதில் ஓட்டி என்ன பயன்?" நல்ல கேள்வி. இதற்கு முழுமையான விடை என்னிடம் இல்லை. இருபது வயது திரும்பி வராது. அந்த இழப்பை நான் மறைக்கப் போவதில்லை. ஆனால் பட்டமும் மேற்படிப்பும் முடித்து வேலை பெறும்போது எனக்கு இருபத்து நான்கோ ஐந்தோதான் ஆகும். அப்போதும் காற்று மார்பில்தான் மோதும். அதற்குள் இதை விடச் சிறந்த இயந்திரத்தையே நம் ஊர்க்காரர்கள் செய்திருப்பார்கள்.

என் முடிவும் சில வேண்டுகோள்களும்

ஆகவே இப்போது வாங்குவதில்லை என்று முடிவு செய்துவிட்டேன். சேர்ந்த 15,100 ரூபாய் அஞ்சலகத்திலேயே இருக்கிறது. அது தங்கையின் கல்லூரிச் சேர்க்கைக்கு. எனக்கு மாணவர் பேருந்து அட்டையும், தந்தைக்கு வேலையில்லாத நேரங்களில் எக்ஸ்.எல். மொபெட்டும் போதும்.

இது எல்லோருக்கும் பொருந்தும் முடிவு என்று நான் சொல்லவில்லை. இரவு ஷிப்டு முடிந்து பேருந்து இல்லாத நேரத்தில் சிப்காட்டிலிருந்து வீடு திரும்பும் தோழருக்கு வண்டி இன்றியமையாதது. ஆனால் அத்தேவைக்கு 110 சி.சி. வண்டி தாராளமாகப் போதும். சொந்த ஊதியத்தில் தவணை கட்டக்கூடியவர் முப்பத்தைந்து குதிரையையும் மகிழ்ச்சியோடு வாங்கட்டும். நல்ல தலைக்கவசத்தையும் உடன் வாங்கட்டும். ஊதியம் வண்டியைக் கொண்டு வரலாம். வண்டி நம்மை ஊதியத்திற்கு இழுத்துச் செல்லக் கூடாது. இதுவே என் கருத்தின் சாரம்.

வாங்க விரும்பும் தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். வண்டியை ஓட்டிப் பார்க்கும் முன் தவணையை மூன்று மாதம் ஓட்டிப் பாருங்கள். வகுப்பு தவறாமல், வீட்டாரின் மருந்துச் செலவைத் தொடாமல் அது ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால் தயங்காமல் வாங்குங்கள். ஓடாவிட்டால் சேர்த்த பணமாவது கையில் மிஞ்சும்.

பேராசிரியப் பெருமக்களுக்கும் ஒரு வேண்டுகோள். வண்டி நிறுத்துமிடத்தில் கூடும் கூட்டத்தைக் கடிந்துகொள்ள வேண்டாம். அதை வகுப்பறைக்கு அழைத்து வாருங்கள். நிறுத்தத் தூரத்தையும் காற்றுத் தடையையும் அந்த வண்டியை வைத்தே கற்பியுங்கள். கூட்டு வட்டியைத் தவணைச் சீட்டை வைத்துக் கற்பியுங்கள். ஆண்டுக்கு ஒரு முறையேனும் ஓசூர் ஆலைகளுக்கு எங்களை அழைத்துச் செல்லுங்கள். வண்டியை வாங்குவதற்கு மட்டும் கனவு காணும் இளைஞன், அதை வடிவமைப்பவர்களின் மேசையையும் ஒரு நாள் பார்க்கட்டும். அங்கே அமர்வதற்குத் தேவை முன்பணம் அன்று; முடித்த படிப்பு.